நீலம், மஞ்சள், பழசு

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இருக்கிறீர்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? அக்கா என் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் உங்களை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட நினைத்துப் போனைக் கையில் எடுத்த நாட்களைச் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் அந்தப் பேச்சை விடுகிறேன்.

எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சமையலறையில் கரண்டி விழுந்தால் படுக்கையறையில் இருப்பவர் கை நீட்டி எடுத்துக் கொடுக்கலாம். எந்த மூலையில் நின்று பேசினாலும் அக்கா காதில் விழும். "யாருடா போன்ல?" என்பாள். எனக்குப் பொய் வராது. ஆகவே கடிதம். நீங்கள் பதில் போட்டால் நான் வேலை செய்யும் லேபின் விலாசத்துக்குப் போடுங்கள். பல் செட் செய்யும் இடத்தில் எனக்கு எது வந்தாலும் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பார்சல் என்றாலே உள்ளே யாருடைய தாடையோ இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம் பற்றி நான் எழுதும் பத்தி இன்னும் வருகிறது. இந்த முறை ஆசிரியர் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார். ரிமோட் கார் பந்தய விளையாட்டுகள் மூன்றை ஒப்பிட்டு எழுத வேண்டும். ஒன்று புதிதாக வந்த நீலப் பெட்டி. இரண்டாவது மஞ்சள் பெட்டி, அதுவும் புதிது. மூன்றாவது நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பழசு.

எனக்கு விளையாட்டு தெரியும், ரிமோட் கார் தெரியாது. கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் நீங்கள் ஓட்டும்போது கவிழ்ந்த காரை ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தவன்தான் நான். ரிமோட்டைப் பிடித்தது நீங்கள். எது நிஜம் போல இருக்கிறது, எது ஏமாற்று என்று நீங்கள் சொன்னால்தான் என் பக்கம் நிற்கும். நீலத்திலும் மஞ்சளிலும் உங்களுக்கு ஒவ்வொரு பிரதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இதை உங்களிடம் கேட்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா நன்றாக இருக்கிறாள். கண்ணாடிக் கடை வேலைக்குப் போய் வருகிறாள். இளைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 15

மாப்பிள்ளைக்கு,

உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. எட்டு மாதம் கழித்து வந்த முதல் கடிதத்தில் கேட்கிற கேள்வியா இது?

உன் அக்கா போன அன்றைக்கு அந்த கேம் மெஷினைத் துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை. உன் பார்சல் நாலு நாள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் தள்ளி வைக்கவும் அலுப்பாக இருந்தது, பிரித்துவிட்டேன், மெஷினையும் கீழே இறக்கினேன்.

வேலையில் மாற்றம் இல்லை. விரல் போன பிறகு லிப்ட் மெஷின் ரூம் பக்கம் என்னை விடுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில்தான். லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டு மணி பட்டனை அமுக்கினால் அது என் காதில் வந்து அடிக்கும். "பயப்படாதீங்க, காத்து வரும், கதவத் தள்ளாதீங்க, மெக்கானிக் வந்துட்டிருக்கார், நான் லைன்லயே இருக்கேன்." ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு மணி நேரம் இதுதான். ஆள் வந்து கதவைத் திறக்கும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது வாயில் ஒரு சொல் மிச்சம் இருக்காது. உன் அக்கா ஆரம்பத்தில் "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். உனக்குத் தெரிந்ததுதான்.

நீலம். மூன்று மாலை விளையாடினேன். என் கருத்து: அது ரிமோட் காரே இல்லை. கேமரா காரின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறது. அப்படிப் போனால் அது சின்னதாக வரைந்த பெரிய கார், அவ்வளவுதான். ரிமோட் கார் என்றால் நான் ஓர் இடத்தில் நிற்க வேண்டும், கார் என்னை விட்டுத் தூரம் போக வேண்டும், போன கார் திரும்ப என்னைப் பார்த்து வர வேண்டும். அதில்தான் எல்லாக் கஷ்டமும். இதில் சுவரில் மோதினால் கார் பந்து போலத் துள்ளி நாலு சக்கரத்தில் நிற்கிறது. நிஜத்தில் முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பி உடைந்து, நீ கீழே குனிந்து திருகாணி தேட வேண்டும்.

இன்னொன்று. வேகத்துக்கு வலது ஆள்காட்டி விரல்தான், வேறு பட்டனுக்கு மாற்ற முடியாது என்கிறது. எனக்கு அந்த விரல்தான் இல்லை. நடுவிரலை வளைத்து அழுத்தினேன். பத்து நிமிடத்தில் முழங்கை வரை இழுத்துக்கொண்டது. இதை எழுதுவாயோ மாட்டாயோ, உன் இஷ்டம்.

மஞ்சளை இன்னும் போடவில்லை. நேரம் இருக்கிறது, தெம்புதான் இல்லை.

இளைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். காலையில் சாப்பிடாமல் ஓடுவாள். பார்த்துக்கொள்.

அத்தான்


பிப்ரவரி 24

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை லேப் மேஜையில் பல் செட்டுகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னய்யா தனியா சிரிக்கறே?" என்றார். வால் பிடிக்கும் கேமராவுக்குத்தான் சிரித்தேன். விரல் பற்றிய பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் நீலத்தை நீங்கள் இவ்வளவு அடித்திருக்க வேண்டாம். சோபாவுக்கு அடியில் போகும் தடத்தைப் பார்த்தீர்களா? தூசி உருண்டைகள் மரம் மாதிரி நிற்கின்றன. யாரோ தொலைத்த செருப்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. நாள் முழுக்க மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கிவிட்டு வருபவனுக்குத் திருகாணி தேடுகிற விளையாட்டு எதற்கு? வீட்டுக்கு வந்தும் துல்லியமா? எனக்குத் துள்ளுகிற கார் போதும்.

மஞ்சள் என்னை அவமானப்படுத்துகிறது. ஒரு வாரமாகியும் முதல் திருப்பத்தைத் தாண்ட முடியவில்லை. கேமரா, ஓட்டுபவர் நிற்கும் மேடை மேலேயே நிற்கிறது. கார் விலகிப் போகும்போது ஒழுங்காக ஓட்டுகிறேன். என்னைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடுகிறது, நேராகப் போய்ச் சுவரில் வைக்கிறேன். மோட்டார் ஊளையிடும் சத்தம் அக்காவுக்கு ஆகாது. அதனால் ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் நான் "ச்சே" என்று சொல்வது அவளுக்குக் கேட்கிறது. நேற்று வாசலில் வந்து நின்று, "நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்றாள். அதட்டவில்லை. சும்மா கேட்டாள். அதட்டியிருந்தால் தேவலை.

ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு நாளாக ஒத்திப்போட்டேன். டிசம்பரில் வக்கீல் அனுப்பிய மனு உங்களிடம் இருக்கிறது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாகச் சொல்லும் மனு. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நீங்கள் போட்டீர்களா இல்லையா என்று வக்கீல் கேட்கிறாராம். அக்கா என்னைத் தூது விடவில்லை. நாம் எழுதிக்கொள்வதே அவளுக்குத் தெரியாது. வக்கீலிடம் போனில் அவள் பேசியதை நானே கேட்டதுதான், சொன்னேனே, இந்த வீட்டில் எல்லாம் கேட்கும்.

இதைக் கேட்டு எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காதது போல இருப்பதும் முடியவில்லை.

மஞ்சளில் முதல் திருப்பத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள். பழசைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள். அது இல்லாமல் பக்கம் நிறையாது.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

மஞ்சள்தான் விளையாட்டு. மற்ற எதையும் எழுதாவிட்டாலும் இதை எழுது.

இடது வலது என்று யோசிக்காதே. யோசித்தால் செத்தாய். கார் எந்தப் பக்கம் மூக்கை வைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் உன் தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொள். மொட்டை மாடியில் நான் கழுத்தைக் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்து நீ கிண்டல் பண்ணுவாய். அது இதற்குத்தான். இரண்டு நாளில் கை தானாகப் பழகிவிடும்.

இதில் எந்தப் பட்டனையும் எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம். வேகத்தை இடது கட்டை விரலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்புறம், பேட்டரி. ஐந்தாவது நிமிடத்தில் பேட்டரி சோர்கிறது. நீ அதே அளவு அழுத்துவாய், கார் அதே அளவு ஓடாது. திருப்பங்களை எல்லாம் கொஞ்சம் முன்னாலேயே எடுக்க வேண்டும். நிஜக் காரில் அப்படியேதான் நடக்கும், வேறு எந்த விளையாட்டிலும் இதை நான் பார்த்ததில்லை. யார் செய்தார்களோ, அவர்கள் எங்கேயோ வெயிலில் நின்று ஓட்டியவர்கள். டயர் மட்டும் அவ்வளவு சீக்கிரம் தேயாது, அதைக் குறையாக எழுதிக்கொள்.

பழசு. இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஓட்டுவதற்கு அது சுமாரான விளையாட்டு. தடங்கள் ஆறுதான். எல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டு வருஷம் தினமும் மாலை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்பது உனக்கும் தெரியும், உன் அக்காவுக்கும் தெரியும், எதிர் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அதில் திரையின் கீழே இரண்டு கை தெரியும். ரிமோட்டைப் பிடித்திருக்கும் கைகள். நான் இடதுகைக்காரன், ரிமோட்டை வலது கையில் பிடித்து இடது கையால் திருப்புகிறவன். அமைப்பில் அதைச் சொன்னால் படத்திலும் கை மாறிவிடும். நான் இங்கே நடுவிரலால் அழுத்துவேன். அங்கே திரையில் வலது ஆள்காட்டி விரல் மடங்கும். விட்டால் நிமிரும். நான் காரைப் பார்க்கவே இல்லை, மாப்பிள்ளை. பாதி நேரம் கார் சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். நான் விரலை மடக்கி நிமிர்த்திக்கொண்டிருப்பேன்.

லிப்ட் கயிறு கப்பியில் ஏறும்போது கை வைக்கக் கூடாது என்று பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு நொடி. விசாரணையில் யார் பேரிலும் தப்பு இல்லை என்று எழுதினார்கள். என் பேரில் இருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

உன் அக்கா ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்படி என்னதான் பாக்கறீங்க அதுல?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் "ஒண்ணுமில்ல" என்றேன். அவள் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். கார் சுவரில் நிற்பதைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். அன்றைக்கே அவள் மனதில் முடிவு ஆகியிருக்க வேண்டும்.

இதைப் பத்திரிகையில் போடாதே. தடங்கள் ஆறு, ஓட்டம் சுமார், விலை குறைவு என்று போடு.

மனு டிராயரில் இருக்கிறது. தொலைக்கவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

அத்தான்


மார்ச் 30

அன்புள்ள அத்தானுக்கு,

ஞாயிறு இணைப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைப் பிரியுங்கள்.

நீங்கள் போடாதே என்றதைப் போட்டுவிட்டேன்.

முதலில் போடவில்லை. தடங்கள் ஆறு, ஓட்டம் சுமார் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "எல்லாம் சரிதான், ஆனா கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை எடுத்தேன். இரண்டு வருஷம் நானும் உங்களைத் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். உங்களைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தபோதெல்லாம், "அவருக்கு விளையாட்டுப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. 'விரல் இழந்த நண்பர் ஒருவர்' என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதினேன். ஊர் பேர் எதுவும் இல்லை. திருத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். அச்சில் பார்த்தபோதுதான் அது உங்களுடையது, என்னுடையது இல்லை என்று உறைத்தது. மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்காவிட்டாலும் நியாயம்தான்.

அக்கா என் பத்தியைப் படிப்பதே இல்லை. அன்றைக்குக் காலை காபியோடு உட்கார்ந்தவள், பக்கத்தில் கார் படம் இருப்பதைப் பார்த்துவிட்டு எடுத்தாள். நான் எதிரில் இருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

படித்து முடித்து, தாளை மடித்து வைத்துவிட்டு, "இது அவர்தானே?" என்றாள்.

"எது?"

"உன் காது செவந்து போச்சு. சொல்லு."

"ஆமா."

"உனக்கு லெட்டர் போடறாரா?"

"ரெண்டு போட்டார். நான்தான் மொதல்ல எழுதினேன்."

அவள் திரும்பப் பிரித்து, அந்தப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "உன்கிட்ட சொல்ல அவருக்கு வரல போல" என்றேன்.

"பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றாள். "ரெண்டு வருஷம். கைய நீட்டினா தொடலாம். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமதான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கார்னு நெனச்சேன்."

"அப்படி இல்லையே."

"இல்லன்னு இப்பத் தெரியுது."

எழுந்து டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். நான் மெதுவாக, "அக்கா, ஒரு தடவ போய்ப் பேசிட்டு வரியா? நான் வேணா கூட வரேன்" என்றேன்.

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன், எழுதச் சொன்னவள் அவளே.

"அவருக்கு எழுது. எனக்குக் கோபம் இல்லன்னு எழுது. திரும்பி வர மாட்டேன்னும் எழுது. ரெண்டையும் சேத்தே எழுது, ஒண்ண மட்டும் எழுதி அனுப்பாத. கோபமா இருந்தா என்னிக்காவது தணிஞ்சிருக்கும்டா. இது கோபம் இல்ல. அலுத்துப் போச்சு. ஒருத்தர் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராதான்னு காத்துக் காத்து அலுத்துப் போச்சு. இப்ப வந்துருக்கு. ஆனா எனக்கு அத வாங்கி வெச்சுக்கத் தெம்பு இல்ல."

அப்புறம் கடைக்குக் கிளம்பினாள், ஞாயிற்றுக்கிழமை என்பதே மறந்து. செருப்பைப் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

அவள் அழுதாளா என்று நீங்கள் யோசிப்பீர்கள். நான் பார்க்கும்போது அழவில்லை.

தப்புச் செய்துவிட்டேன் அத்தான். என்னால் உங்களுக்குக் கெட்டது நடந்ததா நல்லது நடந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை


ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நீ சொன்னபடியே முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேப்பரைப் பிரித்தேன். இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். ரொம்பக் கோபம். கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஆளிடம் "கதவத் தள்ளாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது" என்று கத்திவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றார். மூன்றாம் நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கும் எதையும் அதிக நாள் வைத்திருக்கத் தெம்பு இல்லை போலிருக்கிறது.

இனி யாராவது எழுதாதே என்றால் எழுதாதே. அதோடு அது முடிந்தது.

உன் அக்கா சொன்னதை ஒரு நாளைக்கு ஒரு தடவை படிக்கிறேன். அவள் சொன்னது சரி. இரண்டையும் சேர்த்து எழுதச் சொன்னதும் சரி. முதலாவதை மட்டும் நீ எழுதியிருந்தால் நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து அந்த வாசலில் நின்றிருப்பேன். அவள் என்னை உள்ளே கூப்பிட்டிருப்பாள், காபி கொடுத்திருப்பாள், நான் மறுபடியும் "ஒண்ணுமில்ல" என்றிருப்பேன்.

போன வியாழக்கிழமை ஒரு அம்மா லிப்டில் மாட்டிக்கொண்டார். ஐம்பது நிமிடம். மெக்கானிக் வழியில் நெரிசலில் நின்றுவிட்டார். அட்டையில் இருப்பதை எல்லாம் நாலு தடவை சொல்லி முடித்துவிட்டேன். அந்த அம்மா, "சொன்னதையே சொல்லாதீங்க சார், வேற ஏதாவது பேசுங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்றார். எனக்கு வேறு எதுவும் வரவில்லை. கடைசியில், "எனக்கு ஒரு விரல் கிடையாதும்மா" என்றேன். "எப்படிப் போச்சு?" என்றார். சொன்னேன். கயிறு, கப்பி, எல்லாம். லிப்டில் இருப்பவரிடம் சொல்லக்கூடிய கதையா அது? ஆனால் அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "வலிச்சுதா?" என்று கேட்டார். "அப்ப வலிக்கல, அப்பறம்தான்" என்றேன். "வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அதற்குள் கதவு திறந்துவிட்டது. போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது எனக்கு இன்னும் பேச வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை. அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு மனுவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வக்கீலுக்கு அனுப்பியாகிவிட்டது. அக்காவிடம் சொல். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'நான் சொல்லியிருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. அந்த ஒரு வரியையும் மனுவோடு வைக்கவில்லை, உனக்கும் வைக்கவில்லை. இப்போது அந்த வரியை நீ அவளிடம் சொன்னால் போதும். சொல்ல மாட்டாய் என்றால் பரவாயில்லை.

உன் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளுக்கு நாலு நட்சத்திரம், சரி. நீலத்துக்கும் நாலு நட்சத்திரமா? வெட்கம் வேண்டாமா உனக்கு? தூசி உருண்டைக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று என்று போட்டாயா? இதைத் தீர்க்காமல் விட மாட்டேன். மஞ்சளில் இரண்டு பேர் இரண்டு வீட்டில் இருந்துகொண்டு ஒரே தடத்தில் ஓட்டலாம் என்று போட்டிருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் போட்டு வைக்கிறேன். உன் அக்கா வீட்டில் இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டு வா. சத்தம் ஆகாது என்றால் வேறு நாள் பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தின் அடியில் என்ன எழுதுவதென்று ரொம்ப யோசித்தேன். உன் அக்காவின் புருஷன் என்பதால்தான் நான் உனக்கு அத்தான். கோர்ட்டில் அது முடிந்துவிட்டால் நீ என்னை என்னவென்று கூப்பிடுவாய்? அந்த மனுவில் கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தான்